ஒவ்வாமையும் கணினியும்: கிளினிக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் "எந்த மருந்தாவது அலர்ஜியா?" என்று கேட்டால், "ஒரு மாத்திரை ஒத்துக்கலைங்க" என்பார்கள். வயிற்றுப்போக்கு வந்தவரும் அப்படித்தான் சொல்வார், உதடு வீங்கி மூச்சுத் திணறியவரும் அப்படித்தான் சொல்வார். இரண்டையும் மென்பொருளின் அலர்ஜிக் கட்டத்தில் ஒரே மாதிரி தட்டிவிடுவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தொடக்கம். அதன்பின் ஒவ்வொரு மருந்துச்சீட்டுக்கும் சிவப்பு எச்சரிக்கை வரும். பத்து முறை பார்த்தபின் கை தானாக 'சரி' பொத்தானை அழுத்திவிடும். உண்மையான ஆபத்தைக் காட்டும் பதினோராவது எச்சரிக்கையும் அப்படியே போய்விடும்.

நான்கு விவரங்களைப் பதியுங்கள்: மருந்தின் பொதுப்பெயர் (பிராண்டு பெயர் அல்ல), என்ன ஆயிற்று, மருந்து போட்டு எத்தனை நிமிடத்தில், எந்த ஆண்டு. வயிற்றுப்போக்கு, குமட்டல் போன்றவை பக்கவிளைவுக் கட்டத்துக்கு உரியவை.

பென்சிலின் அலர்ஜி என்று பதிவாகியுள்ள பத்துப் பேரை முறையாகச் சோதித்தால், சுமார் ஒன்பது பேருக்கு அது ஒத்துக்கொள்ளும். பென்சிலின் அலர்ஜி உண்மையாக இருக்கும் ஆபத்தை எடைபோட உள்ள 'பென்-ஃபாஸ்ட்' கணிப்பானில், ஐந்து ஆண்டுக்குள் நடந்திருந்தால் 2 மதிப்பெண். அனாபிலாக்சிஸ் (உயிருக்கே ஆபத்தான திடீர் ஒவ்வாமை), முகவீக்கம் அல்லது கடுமையான தோல் பாதிப்பு என்றால் 2. சிகிச்சை தேவைப்பட்டிருந்தால் 1. காலமோ சிகிச்சையோ நினைவில்லை என்றால் பூஜ்யம் போடக் கூடாது, மதிப்பெண் சேர்க்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். மொத்தம் 3-க்குக் கீழ் வந்தால் ஆபத்து குறைவு. கண்காணிப்பில் வாய்வழியாகக் கொடுத்துப் பார்க்கத் தகுதியுள்ளவர் என்பதே அதன் பொருள். அன்றைக்கே கிளினிக்கில் ஊசி போட அது அனுமதி ஆகாது. சல்ஃபா, டைக்ளோஃபெனாக் போன்ற வேறு மருந்துகளுக்கு இந்தக் கணிப்பான் உதவாது.

மென்பொருளை நம்புமுன் அதையும் ஒருமுறை சோதியுங்கள். கற்பனையாக ஒரு நோயாளியைப் பதிந்து, அமாக்சிசிலின் அலர்ஜி என்று குறியுங்கள். உங்கள் ஊர் மருந்துக்கடையில் கிடைக்கும் அமாக்சிசிலின்–கிளாவுலனேட் பிராண்டுகளில் ஐந்தை எழுதிப் பாருங்கள். எதற்காவது எச்சரிக்கை வரவில்லையென்றால், அந்தப் பெயருக்குள் எந்த மருந்து இருக்கிறது என்பது அதற்குத் தெரியவில்லை.

வெளிநாட்டில் உருவான கருவிகள் பிர்ச் மரமும் திமோத்திப் புல்லும் பற்றிக் கேட்கும். நம் வயல் வரப்பில் இருப்பது பார்த்தீனியம் என்னும் களை. மழைக்குப் பின் அது பூத்துக் கிடக்கும்போது, முகம், இமை, கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் தடித்து அரிக்கும் விவசாயிக்கு ஐஜிஇ (உடனடி ஒவ்வாமைக்குக் காரணமான எதிர்ப்புப்பொருள்) ரத்தப் பரிசோதனை எடுத்து, 'நெகடிவ், ஒவ்வாமை இல்லை' என்று முடிப்பது பெரிய தவறு. இது தாமதமாக வரும் தொடு ஒவ்வாமை. ஐஜிஇ வழியில் வருவதன்று. இதற்குத் தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட்தான் வேண்டும். 48 மணி நேரத்திலும் 96 மணி நேரத்திலும், இருமுறையும் பார்க்க வேண்டும்.

தொழிலையும் கணினி கேட்காது, நீங்கள்தான் கேட்க வேண்டும். பட்டுப்புழு வளர்ப்புமனையா, மாங்கூழ் ஆலையா, ஓசூர் பசுமைக்குடில் பூ வேலையா? லீவு நாளில் குறைகிறதா? கிரானைட் பட்டறைக்காரரின் இருமலை 'அலர்ஜி ஆஸ்துமா' என்று திரை காட்டினால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். சிலிக்கா தூசியால் நுரையீரல் கெட்டிருக்கலாம். எக்ஸ்ரேயும் ஸ்பைரோமெட்ரியும் (மூச்சுத் திறன் சோதனை) எடுங்கள்.

உணவுப் பேனல் (பல உணவுகளுக்கான ஐஜிஇ ரத்தப் பரிசோதனை) முடிவைக் கணினி வண்ணம் பூசிக் காட்டும்போது இன்னொரு கோளாறு. ஐஜிஇ 0.35-க்கு மேல் போனால் சிவப்பு. ஆனால் நிலக்கடலைச் சட்னியை வாரம் மூன்று நாள் தொல்லையின்றிச் சாப்பிடும் குழந்தைக்கு அந்தச் சிவப்பு ஒவ்வாமை ஆகாது. கடலையை நிறுத்தச் சொல்லாதீர்கள். உணவுக்கான ஐஜிஜி (இன்னொரு வகை எதிர்ப்புப்பொருள்) பரிசோதனைக்குப் பணம் செலவழிக்கவே வேண்டாம். தோலில் குத்திப் பார்க்கும் சோதனைக்கு ஒரு வாரம் முன்பே ஆன்டிஹிஸ்டமினை (அலர்ஜியை அடக்கும் மருந்து) நிறுத்த வேண்டும். சளி மாத்திரையிலும் அது இருக்கும் என்பதால் பெயர் சொல்லிக் கேளுங்கள். ரத்தப் பரிசோதனைக்கு நிறுத்தத் தேவையில்லை.

அனாபிலாக்சிஸ் வந்தபின் டோஸ் கணிப்பானைத் திறக்காதீர்கள். அட்ரினலின் 1 மில்லிக்கு 1 மி.கி. ஆம்பூல், எடை கிலோவுக்கு 0.01 மில்லி, பெரியவருக்கு 0.5 மில்லிக்கு மேல் கூடாது. 12 கிலோ குழந்தைக்கு 0.12 மில்லி. தொடையின் வெளிப்புறத் தசையில் போட்டு, ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் மீண்டும் போடுங்கள். இந்த அளவுகளை எடைவாரியாக அட்டவணையாக்கி, அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். மில்லி அளவு குறித்த 1 மில்லி சிரிஞ்சை ஆம்பூலோடு சேர்த்தே வைத்திருங்கள். 40 யூனிட் இன்சுலின் சிரிஞ்சை எடுத்தால் அளவு குழம்பும். அட்ரினலினுக்குப் பதில் அவிலும் (ஆன்டிஹிஸ்டமின்) டெக்ஸாவும் (ஸ்டீராய்டு) போட்டுக் காத்திருப்பது உயிரைப் பணயம் வைப்பது.

அஞ்செட்டியிலிருந்தோ சித்தேரி மலையிலிருந்தோ வருபவர் அடுத்த முறை போகும் மருத்துவமனையில் உங்கள் மென்பொருள் இருக்காது. அந்த நான்கு விவரங்களையும் தமிழில் ஒரு அட்டையில் எழுதி, மருந்தின் பொதுப்பெயரை மட்டும் ஆங்கிலத்திலும் சேர்த்து, முத்திரை குத்திக் கையில் கொடுத்தனுப்புங்கள்.