ராஜாவிடம் ஆயிரம் பேர் படை, அப்புறம் நாங்கள் எதற்கு?

ஆளுக்கொரு பாத்திரமாகி மேசையைச் சுற்றி விளையாடும் கதை விளையாட்டில் கேம் மாஸ்டராக, அதாவது கதையை நடத்துபவராக, உட்காரும் யாரும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. டிராகன் கிராமத்தை எரிக்கிறது, ராஜா நாலு பேரை, அதாவது பிளேயர்களின் பாத்திரங்களை, கூப்பிட்டு அனுப்புகிறார். உடனே மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து, "அவருகிட்ட ஆயிரம் பேர் இருக்காங்கதானே, நாங்க என்னத்துக்கு?" ஹட்டனில் எங்கள் மேசையில் இதைக் கேட்பது என் மாமா மகன். "படை வேற வேலையா போயிருக்கு" என்று மழுப்பினால் விடமாட்டான்.

விடவும் கூடாது, ஏனென்றால் கணக்கு அவன் பக்கம். நாங்கள் விளையாடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிப்படி வளர்ந்த சிவப்பு டிராகனுக்கு ஆர்மர் கிளாஸ் (அடி படத் தேவையான எண்) 19, ஹிட் பாயிண்ட் (உயிர்க் கணக்கு) 256. சாதாரணக் காவலன் ஒருவன் கையில் நீள்வில்லைக் கொடுங்கள். டைஸில் விழும் எண்ணோடு அவன் 3 கூட்டிக்கொள்ளலாம். இருபது பக்க டைஸில் 16 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அம்பு படும். அதாவது நாலில் ஒன்று. நூறு பேர் எய்தால் 25 அம்பு, அம்புக்குச் சராசரி ஐந்தரை ஹிட் பாயிண்ட் குறையும். இரண்டு சுற்றில் டிராகன் காலி. கிட்டே வந்துவிட்டால் பயத்தில் குறி தவறும், 60 அடி நெருப்பில் கொத்துக் கொத்தாகச் சாவார்கள், சரி. ஆனால் நீள்வில் 150 அடி தூரம் வரை ஒழுங்காகப் பாயுமே. 1974இல் இந்த விளையாட்டே பொம்மைப் படைகளை நகர்த்தும் போர் விளையாட்டிலிருந்துதான் பிறந்தது. படையை நோஞ்சானாகக் காட்டி ஏமாற்ற முடியாது.

அதனால் நான் படையின் பலத்தில் கை வைப்பதில்லை. அதன் சோற்றிலும் பாதையிலும் கை வைப்பேன்.

ஆளுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ அரிசி என்று வையுங்கள். 500 பேருக்கு 250 கிலோ, ஐந்து மூட்டை. லொறி இல்லாத உலகம், மலைப்பாதையில் மாடும் ஏறாது, எல்லாம் ஆள்தான் சுமக்க வேண்டும். ஒருவர் 25 கிலோ தூக்கலாம். (கொழுந்துக் கூடையோடு ஏற்றம் ஏறியவர்களிடம் கேட்டால் அதுவே அதிகம் என்பார்கள்.) முகாம் ஐந்து நாள் நடை தூரத்தில் இருந்தால், போக வர பத்து நாளில் சுமப்பவரே ஐந்து கிலோ சாப்பிட்டுவிடுவார். மிச்சம் 20. அப்படியானால் 500 பேரை அங்கே உட்கார வைக்க, வாளே தூக்காத 125 பேர் எந்நேரமும் பாதையில் நடந்துகொண்டிருக்க வேண்டும். இந்த ஒரு கணக்கை பிளேயர்கள் முன்னால் போட்டுக் காட்டுங்கள். நாலு பேரை அனுப்புவதன் நியாயம் தானாகப் புரியும். எதிரிப் படைக்கு அரிசி சுமக்கும் அப்படிப்பட்ட 125 பேரை வழிமறிப்பது எப்படி என்று அவர்களே திட்டம் போடவும் தொடங்குவார்கள்.

அடுத்தது பாதை. இதற்கு வெளிநாட்டுக் கோட்டை வரைபடம் தேடி அலைய வேண்டாம், கண்டி ராச்சியத்தைப் பாருங்கள். 1803 பெப்ரவரியில் ஆங்கிலேயப் படை கண்டிக்குள் நுழைந்தபோது ஊர் வெறுமையாக இருந்தது. ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் மக்களோடு வெளியேறிவிட்டான். பிறகு காய்ச்சலும் பட்டினியும் மழையும் தம் வேலையைச் செய்தன. ஜூனில் மேஜர் டேவியின் மிச்சப் படை சரணடைந்து வெளியேறியது. வட்டாபுளுவயில் மகாவலி பெருக்கெடுத்து ஓட, கடக்க வழியில்லாமல் அங்கேயே அழிந்தது. கண்டிப் படைவீரர் ஆளுக்கொரு தாளிப்பனை ஓலை வைத்திருந்தார்கள். நடக்கும்போது குடை, இரவில் கூடாரம். உங்கள் உலகத்து மலைவாசிப் படைக்கு இப்படி ஒரு பொருளைக் கொடுங்கள். இரண்டு பக்க வரலாறு எழுதுவதைவிட அது மேல்.

வரைபடத்தில் கோட்டைக்கு முன்னால் கணவாய்களை வரையுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எத்தனை பேர் அருகருகே நடக்கலாம், எந்த மாதம் அடைபடும் என்று குறியுங்கள். வில்லன் ராஜா கெட்டிக்காரன் என்றால் முதலில் ரோடு போடுவான். 1815இல் கண்டி கைமாறிய பின், 1820களில் கொழும்பு - கண்டி ரோட்டை ஆங்கிலேயர் போட்டது சும்மா இல்லை. பஸ்ஸில் போகும்போது கடுகண்ணாவையில் டோசன் கோபுரம் தெரியும், அந்த ரோட்டைப் போட்ட எஞ்சினியருக்கான நினைவுச் சின்னம். எதிரி ரோடு போடுகிறான் என்ற சேதியை வைத்து மாதக்கணக்கில் விளையாடலாம்.

படைக்கு ஒரு சிறிய அட்டை போதும். தலைவன் பெயர், அவனுக்குத் தனிப்பட்ட முறையில் என்ன வேண்டும், இன்னும் எத்தனை நாள் அரிசி, சம்பளம் எத்தனை மாதம் பாக்கி. என்னிடம் இருக்கும் ஒன்று: "கணவாய்க் காவல், 80 பேர், அரிசி ஆறு நாள், சம்பளம் மூன்று மாதம் பாக்கி, தலைவனுக்கு ஊரில் தங்கச்சி கல்யாணம்." பிளேயர்கள் இவர்களோடு சண்டையே போடவில்லை. ஏழு மூட்டை அரிசிக்குக் கதவு திறந்தது. சம்பளம் கிடைக்காத படைவீரன் அடுத்த மாதம் வழிப்பறிக்காரன் என்பதையும் மறக்காதீர்கள், போர் முடிந்த பிறகுதான் நல்ல கதைகள் வரும்.

ஒரு எச்சரிக்கை. நம் நாட்டில் போர் முடிந்தது 2009இல். சோதனைச்சாவடியில் அடையாள அட்டை நீட்டி நின்ற ஞாபகம் மேசையில் யாருக்காவது இருக்கலாம். சாவடிக் காட்சி, ஊரைச் சுற்றிவளைக்கும் காட்சி வைக்குமுன் கேட்டுவிடுங்கள். ஒருவர் வேண்டாம் என்றால் ஏன் என்று தோண்டாமல் எடுத்துவிடுங்கள்.

கடைசியில் போர் வந்தே தீரும் என்றால் 500 டைஸ் உருட்டாதீர்கள், எல்லாரும் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். மூன்று வேலை கொடுங்கள்: பாலத்தை அறுப்பது, கொடி பிடிப்பவனை வீழ்த்துவது, பின்வாங்குவோரைக் காப்பது போல. வேலைக்கு இருபது நிமிடம். மூன்றும் முடிந்தால் நம் படைக்கு வெற்றி. இரண்டு முடிந்தால் வெற்றிதான், ஆனால் பிளேயர்களுக்குத் தெரிந்த ஒருவர் சாவார். ஒன்றுதான் முடிந்தது என்றால் படை சிதறும், அடுத்த கிழமை ஆட்டத்தைக் காட்டுக்குள் ஓடும் இடத்திலிருந்து தொடங்குங்கள்.