ஆரம்பகட்ட மருத்துவ ஆய்வு நிதி: விண்ணப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2017இல் டெங்கு திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாவை உலுக்கியது. அந்த ஆண்டில் இலங்கை முழுவதும் சந்தேகத்துக்குரிய நோயாளர்களாக 186,101 பேர் பதிவானார்கள். யாருக்கு நோய் முற்றும் என்று முன்கூட்டியே காட்டும் மலிவான குருதிப் பரிசோதனை வேண்டும் என்ற எண்ணம் திருகோணமலையில் எந்த வைத்தியருக்கும் வரும். அதை நிதி விண்ணப்பமாக எழுதும்போதுதான் சறுக்கல்.

பெரிய தவறு, எல்லாவற்றையும் ஒரே விண்ணப்பத்தில் கேட்பது. கருவி, கைபேசிச் செயலி, மாகாணம் முழுக்கப் பயிற்சி என்று அடுக்கினால் மதிப்பீட்டாளர் நம்பமாட்டார். யோசனை நிற்குமா என்று பார்க்கத்தான் ஆரம்பகட்ட நிதி. கேட்ஸ் அறக்கட்டளை 2008இல் தொடங்கிய திட்டம் ஒன்றில் விண்ணப்பமே 2 பக்கமாகத்தான் இருந்தது, முதற்கட்டத் தொகை 1,00,000 டொலர். முன்தரவு, அதாவது யோசனையை ஆதரிக்கும் ஆரம்ப ஆய்வு முடிவுகள், கட்டாயமாக இருக்கவில்லை. வெற்றி கண்டவர்களுக்கே அடுத்த கட்டத்தில் 10 இலட்சம் டொலர் வரை கிடைத்தது. இரண்டு பக்கத்தில் ஒரு கேள்விதான் அடங்கும்: "காய்ச்சலின் மூன்றாம் நாள் குருதியில் இந்தப் புரதம், பின்னர் பிளாஸ்மா கசிவு (குருதி நாளங்களிலிருந்து திரவம் வெளியேறும் ஆபத்தான நிலை) வந்தவர்களிடம் மற்றவர்களைவிடக் கூடியிருக்கிறதா?" எந்த முடிவு வந்தால் யோசனையைக் கைவிடுவீர்கள் என்பதையும் எழுதுங்கள். பலர் இதை எழுதப் பயப்படுகிறார்கள். என் பார்வையில் விண்ணப்பத்தின் மிக வலிமையான வரி அதுதான்.

முன்தரவு வேண்டாம் என்றால் வாசிப்பும் வேண்டாம் என்று அர்த்தமில்லை. டெங்குவுக்கான என்எஸ்1 குருதிப் பரிசோதனை ஏற்கெனவே இருக்கிறது. அது தொற்றைக் கண்டுபிடிக்கும், நோய் முற்றுமா என்று உறுதியாகச் சொல்லாது. உங்கள் யோசனை வேறுபடும் இடத்தைக் காட்டாமல் "இதுவரை யாரும் செய்யவில்லை" என்று எழுதாதீர்கள்.

அப்புறம் நெறிமுறை அனுமதி. நிதி வந்த பிறகு பார்க்கலாம் என்று விட்டால், நெறிமுறைக் குழு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பும் காலத்திலேயே ஆய்வுக்காலம் கரைந்துவிடும். நம் வைத்தியசாலை விடுதிகளில் தமிழ் பேசுவோரும் சிங்களம் பேசுவோரும் படுத்திருக்கிறார்கள். ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் அது ஒப்புதலே அல்ல. மொழிபெயர்ப்புச் செலவை வரவுசெலவில் சேருங்கள். மாதிரிகளைக் குளிர் குறையாமல் கொழும்புக்கு அனுப்பும் செலவும் அதில் வர வேண்டும்.

காப்புரிமை எண்ணம் இருந்தால், அதற்கு விண்ணப்பிக்கும் முன் மாநாட்டில் விவரங்களை வெளியிடாதீர்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஓராண்டு சலுகைக்காலம் தருகிறது: விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டுக்குள் நீங்களே வெளியிட்டது காப்புரிமையைத் தடுக்காது. ஐரோப்பாவில் அந்தச் சலுகை கிடையாது.