உள்ளூர்ச் செய்திக்கு அறக்கட்டளை நிதி: விண்ணப்பம் சறுக்கும் இடங்கள்

‘ஜனநாயகத்தின் நான்காவது தூண் ஆட்டம் கண்டிருக்கிறது.’ உள்ளூர்ச் செய்தி நிறுவனங்கள் அறக்கட்டளைகளுக்கு அனுப்பும் விண்ணப்பங்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன. அடுத்த மூன்று பத்திகளில் விளம்பர வருவாய் சரிந்த கதையும் சமூக ஊடகம் வாசகரை இழுத்துக்கொண்ட கதையும் வரும். எல்லாம் உண்மைதான். ஆனால் படிப்பவருக்கு அதெல்லாம் முன்பே தெரியும். தெரிந்ததால்தான் பணம் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். மெக்ஆர்தர், நைட் உள்ளிட்ட அமெரிக்க அறக்கட்டளைகள் 2023இல் கூட்டாக ‘பிரஸ் ஃபார்வர்ட்’ முயற்சியைத் தொடங்கி, உள்ளூர்ச் செய்திக்கு ஐந்து ஆண்டுகளில் 50 கோடி டாலருக்கு மேல் தருவதாக அறிவித்தன. தீர்ப்பு உங்கள் பக்கம் வந்துவிட்ட வழக்கை மறுபடியும் வாதாடி முதல் பக்கத்தை ஏன் வீணாக்க வேண்டும்?

அந்த இடத்தில் உங்கள் ஊர் வர வேண்டும். இப்படி எழுதிப் பாருங்கள்: ‘எங்கள் நகர மன்றம் மாதம் இருமுறை கூடுகிறது. கடந்த ஓராண்டில் ஒரு கூட்டத்துக்குக்கூட எந்த நிருபரும் செல்லவில்லை. குடிநீர்க் கட்டணம் உயர்ந்தது, பில் கைக்கு வந்த பிறகுதான் மக்களுக்குத் தெரிந்தது. ஒரு முழுநேர நிருபரை அமர்த்தி, ஒவ்வொரு கூட்டத்தின் முடிவுகளையும் மறுநாள் காலைக்குள் இணையத்திலும் குறுஞ்செய்தியிலும் கொடுக்கப்போகிறோம்.’ நான்கே வாக்கியம். பிரச்சினை என்ன, யாருக்கு, நீங்கள் செய்யப்போவது என்ன என்பதெல்லாம் அதற்குள் வந்துவிட்டன. தூண் எதுவும் ஆடவில்லை.

இன்னொரு தவறு இதைவிடக் கெடுதலானது. பருவநிலை பற்றிய செய்திக்கு நிதி என்று அறிவிப்பு வந்தால் அந்த வாரமே பருவநிலைத் திட்டம் ஒன்று முளைக்கும். அடுத்த மாதம் பொதுச் சுகாதாரம், அதற்கடுத்து தரவு இதழியல். நிதி கிடைக்காமல் போனால்கூடப் பரவாயில்லை. கிடைத்துவிட்டால்தான் ஆபத்து. யாருக்கும் ஆர்வமில்லாத ஒரு வேலையில் ஓராண்டு மாட்டிக்கொண்டு, ஊர் உங்களிடம் எதிர்பார்த்த செய்திகளுக்கு ஆளில்லாமல் தவிப்பீர்கள்.

பட்ஜெட்டுக்கு வருவோம். சிக்கனமாகக் காட்டினால் மதிப்பு கூடும் என்ற நம்பிக்கையில் நிருபர் சம்பளம், பயணம், கேமரா என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். கணக்காளர் சம்பளம் யார் தருவது? செய்தியை வெளியிடும் முன் படித்துப் பார்க்கும் வழக்கறிஞருக்கான கட்டணம்? அவதூறு வழக்கு வந்தால்? வாடகை, மென்பொருள் சந்தா, தணிக்கை? நிர்வாகச் செலவுக்கு எத்தனை சதவீதம் அனுமதி என்று பல அறக்கட்டளைகள் விதிமுறையிலேயே சொல்லியிருக்கும். அனுமதித்ததைக்கூடக் கேட்காமல் விடுவது அடக்கம் ஆகாது. அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் அதைப் பார்த்ததும் ‘இவர்களுக்குத் தங்கள் செலவே தெரியவில்லை’ என்றுதான் நினைப்பார்.

‘நிதி முடிந்த பிறகு?’ என்ற கேள்விக்கு ‘வேறு நிதி தேடுவோம்’ என்பது பதிலாகாது. 2019இல் தொடங்கிய ‘அமெரிக்கன் ஜர்னலிசம் புராஜெக்ட்’ என்ற நிதி அமைப்பு, செய்தி நிறுவனங்களின் வருவாய் ஈட்டும் பிரிவை வலுப்படுத்தவே முக்கியமாகப் பணம் தருகிறது. ‘ரிப்போர்ட் ஃபார் அமெரிக்கா’ திட்டத்தில் நிருபர் சம்பளத்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். அந்தப் பங்கும் ஆண்டுக்கு ஆண்டு குறையும், மீதியை நிறுவனமும் உள்ளூர் நன்கொடையாளர்களும் ஏற்க வேண்டும். எனவே சந்தா எவ்வளவு, நன்கொடை எவ்வளவு, அந்த வேலையை யார் பார்ப்பார் என்று சிறிய தொகையாக இருந்தாலும் எண்ணோடு எழுதுங்கள்.

சட்டத்தைக் கடைசி நாளில் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது. இது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் வரிவிலக்குப் பெற்ற அறநிறுவனம் தேர்தலில் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கக் கூடாது. 2019இல் லாபநோக்கற்ற நிறுவனமான ‘சால்ட் லேக் டிரிப்யூன்’ நாளிதழ் வேட்பாளர்களை ஆதரித்து எழுதுவதை விட்டுவிட்டது. இந்தியாவில் 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவுபெற்ற செய்தித்தாளின் ஆசிரியரோ நிருபரோ உரிமையாளரோ வெளிநாட்டு நன்கொடை வாங்க முடியாது. விண்ணப்பம் எழுத உட்காரும் முன்பே இதைத் தெரிந்துகொண்டால் பல இரவுத் தூக்கம் மிஞ்சும்.

பணம் தருபவர் செய்தியில் தலையிடுவாரோ என்ற அச்சம் எல்லோருக்கும் உண்டு, ஆனால் அதை முதல் நாளே எழுத்தில் வைப்பவர்கள் குறைவு. எந்தச் செய்தி, எந்தக் கோணம், எப்போது வெளியீடு என்பதெல்லாம் ஆசிரியர் குழுவின் முடிவு. வெளியீட்டுக்கு முன் பிரதியைக் காட்ட மாட்டோம். நிதி தந்தவர் பெயரை வாசகருக்குச் சொல்வோம். இந்த மூன்றையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். முகம் சுளிக்கிற அறக்கட்டளையின் பணம் வராமல் போவதே மேல். அந்த அறக்கட்டளைக்கு உங்கள் ஊரிலேயே நிலமோ தொழிலோ இருந்தால், அதைப் பற்றி நீங்கள் எழுத நேரும் நாளை இப்போதே யோசித்துவிடுங்கள்.

நிராகரிப்புக் கடிதம் வந்ததும் கோபித்துக்கொண்டு ஒதுங்கிவிடுகிறவர்கள் உண்டு. எங்கே குறை என்று இரண்டு வரியில் கேட்டு எழுதினால் பதில் எழுதும் அதிகாரிகளும் இருக்கிறார்கள். அடுத்த சுற்றில் அந்தப் பதிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் பத்தியிலிருந்து மறுபடி எழுதலாம்.