பழங்கால நாகரிகங்களின் சாகசக் கதைகள்: வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எகிப்தின் கல்லறைக்குள் நுழையும் திருடன், காடு மூடிய மாயா நகரைத் தேடிப் போகும் வீரன், யவனர் கப்பலில் ஒளிந்து முசிறியில் வந்திறங்கும் இளைஞன் என்று பழங்கால நாகரிகங்களைக் களமாகக் கொண்ட சாகசக் கதைகளை ஈரோடு புத்தகத் திருவிழாவில் பை நிறைய வாங்கிச் செல்வோர் நம்மிடையே பலர். அவர்களில் கருத்தூன்றி வாசிப்பவர்கள்கூட அரசன் பெயர் சரிதானா, அந்தப் போர் நடந்ததா என்று பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். பாத்திரங்கள் எதை உண்டார்கள், எதில் ஏறிப் போனார்கள், எத்தனை நாளில் போய்ச் சேர்ந்தார்கள் என்பதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். கதை தன் காலத்தில் கால் ஊன்றி நிற்கிறதா என்பதை இத்தகைய அன்றாடப் பொருள்களே காட்டிக்கொடுக்கும் என்பதால், இதையே முதல் தவறாகச் சொல்வேன்.

சோற்றிலிருந்தே தொடங்கலாம். சங்ககாலச் சேர வீரன் ஒருவன் மிளகாய் அரைத்த குழம்பை உண்பதாகவோ, வழியில் கடலைக்காய் உரித்துத் தின்பதாகவோ ஒரு கதையில் வந்தால் அது பிழை. மிளகாய், நிலக்கடலை, மக்காச்சோளம், மரவள்ளி, தக்காளி, புகையிலை ஆகிய அனைத்தும் 1492-இல் கொலம்பஸ் கடல் கடந்த பிறகே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து உலகின் மற்றப் பகுதிகளுக்குப் பரவின. நம் செம்மண் காடுகளில் தலைமுறை தலைமுறையாக விளைவதால் இவை ஆதிமுதல் இங்கேயே இருந்தவை என்று தோன்றுகிறது. அதனாலேயே கொங்கு வாசகர் கண்ணுக்கு இந்தப் பிழை எளிதில் படுவதில்லை. அந்த வீரனுக்குக் காரத்துக்கு மிளகும், வயிற்றுக்குத் தினையும் வரகும் இருந்தன.

விலங்குகளிலும் இதே கவனம் வேண்டும். கூஃபு மன்னனின் பெரிய பிரமிடு ஏறத்தாழ கி.மு. 2560-ஐ ஒட்டிக் கட்டப்பட்டது. குதிரை எகிப்துக்கு வந்தது அதற்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் கழித்து. ஒட்டகம் அங்கே பரவலாகப் பயன்பட்டது அதற்கும் பிறகு. ஆகவே பிரமிடு எழும் காட்சியில் ஒட்டக வரிசை வந்தால் ஐயப்படலாம். அன்று பாரம் சுமந்தவை கழுதைகளும் படகுகளும். 2013-இல் செங்கடல் கரையிலுள்ள வாடி அல்-ஜர்ஃப் என்னுமிடத்தில் கிடைத்த பாப்பிரசுச் சுவடிகளில், மெரெர் என்ற அலுவலர் தன் ஆட்களோடு தூரா சுரங்கத்துச் சுண்ணாம்புக் கல்லைப் படகில் ஏற்றிக் கீசாவுக்குக் கொண்டுவந்ததை நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறார். சாட்டையடி வாங்கும் அடிமைக் கூட்டம் பிரமிடைக் கட்டியதாகக் காட்டும் கதைகளையும் இந்த இடத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். 1990-இல் கீசாவில் கண்டறியப்பட்ட தொழிலாளர் கல்லறைகள், அவர்கள் அரசனின் பிரமிடுக்கு அருகிலேயே உரிய மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டதைக் காட்டுகின்றன.

அடுத்த தவறு, பயணப் பகுதிகளைத் தள்ளிவிட்டுச் சண்டைக் காட்சிக்குத் தாவுவது. தொலைவைப் பற்றிய உணர்வு இல்லாமல் வாசித்தால் சாகசம் எங்கே இருக்கிறது என்பதே பிடிபடாது. மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டுக்குள் வந்து, நொய்யலை ஒட்டிக் கொடுமணல், கரூர் என்று கிழக்கே போன பழைய வணிக வழியை எடுத்துக்கொள்வோம். கோவைக்கு மேற்கே சுண்டக்காமுத்தூர் அருகிலுள்ள பாறைக் கல்வெட்டில் இராசகேசரிப் பெருவழி என்ற சோழர்காலப் பெயர் இன்றும் இருக்கிறது. பாலக்காட்டிலிருந்து கரூர் இன்றைய சாலையில் ஏறத்தாழ 180 கிலோமீட்டர். பாரவண்டி ஒரு நாளைக்கு 20 முதல் 25 கிலோமீட்டர் போகும் என்று வைத்தால்கூட எட்டு ஒன்பது நாள் ஆகும். ஆறு பெருகினால் கரையில் காத்திருக்க வேண்டும், காளையின் குளம்பு தேய்ந்தால் நிற்க வேண்டும். ஒரே இரவில் கதாநாயகன் இந்த வழியைக் குதிரையில் கடந்துவிட்டான் என்று எழுதியிருந்தால், அந்த எழுத்தாளர் இந்த மண்ணை வரைபடத்தில்கூடப் பார்க்கவில்லை என்றே கொள்ளலாம்.

இந்த வழிப்பயணத்தின் இடர் எப்படி இருந்தது என்பதைப் புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் காட்டுகிறார். உப்பு விற்கும் உமணரின் வண்டி அது. காளைகள் இளையவை, நுகத்துக்குப் பழகாதவை. ஏற்றிய பண்டமோ மிகுதி. பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேரும் என்று யாருக்குத் தெரியும் என்று கருதி, வண்டியின் கீழ்மரத்தில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டே அவர்கள் புறப்படுகிறார்கள். அந்தச் சேம அச்சைப் போன்றவன் என்று தலைவனைப் புகழ்கிறார் ஔவையார். இருசு முறிந்து நடுவழியில் நின்ற பாரவண்டியைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு இந்தப் பாடலின் பதற்றம் உடனே விளங்கும். பத்துப் பேரை ஒருவன் வெட்டிச் சாய்ப்பதைவிட இந்த வண்டிப் பயணத்தில் எனக்கு அதிகமான சாகசம் தெரிகிறது.

காலத்தைச் சுருக்கி எல்லாவற்றையும் ஒரே ‘பழங்காலம்’ ஆக்கிவிடுவதும் பரவலான தவறு. கிளியோபாட்ரா இறந்தது கி.மு. 30-இல், கூஃபுவின் பிரமிடு எழுந்த காலத்தைவிட அவர் நம் காலத்துக்கே நெருக்கமானவர். இன்கா அரசின் மச்சு பிச்சு ஏறத்தாழ 1450-ஐ ஒட்டிக் கட்டப்பட்டது. அப்போது இங்கே விசயநகர ஆட்சி நடந்துகொண்டிருந்தது. மாயா மக்கள் மர்மமாக மறைந்துபோனதாகப் பல கதைகள் சொல்லும். மறைந்தது சில நகரங்களின் அரசியல் வாழ்வு மட்டுமே. குவாத்தமாலாவிலும் மெக்சிகோவிலும் மாயா மொழிகளைப் பேசும் மக்கள் இன்றும் இலட்சக்கணக்கில் வாழ்கிறார்கள்.

கற்பனைப் பாத்திரத்தை வரலாற்று மனிதராக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றிவிட்டது. கரூர் அருகேயுள்ள புகழூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டுகள் சேர மன்னர் மூன்று தலைமுறையினரின் பெயர்களைத் தருகின்றன. கருவூர்ப் பொன்வாணிகன் நத்தி என்பவர் அளித்த கொடையையும் சொல்கின்றன. கொடுமணல் பானை ஓடுகளில் ஆதன், சம்பன் போன்ற பெயர்கள் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் கீறப்பட்டுள்ளன. இந்த மனிதர்கள் யாரைக் காதலித்தார்கள், யாருக்குப் பகையானார்கள் என்பதை எந்தக் கல்லும் சொல்லவில்லை. அந்த இடைவெளியை நிரப்புவது நாவலாசிரியரின் உரிமை. நிரப்பியது எது, கிடைத்தது எது என்பதைப் பல ஆசிரியர்கள் முன்னுரையிலோ பின்னுரையிலோ நேர்மையாக எழுதிவிடுகிறார்கள். அந்தப் பக்கங்களைப் புரட்டித் தள்ளிவிட்டுப் பிறகு கதையை ஆதாரமாகக் காட்டி வாதிடுவது ஆசிரியருக்கும் செய்யும் அநீதி. மறுபுறம், ஒரு மிளகாயைக் கண்டுபிடித்ததும் நூலையே மூடிவைப்பதும் சரியன்று. சமையலில் தவறிய அதே ஆசிரியர், பருவக்காற்றைக் கணித்துக் கடலோடிய மாலுமிகளைப் பற்றி மிகச் சரியாக எழுதியிருக்கக்கூடும்.

சாபமும் புதையலும் தனியே பேச வேண்டியவை. துட்டன்காமுன் கல்லறை 1922-இல் திறக்கப்பட்டது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்த கார்னார்வன் பிரபு அடுத்த ஆண்டே இறந்ததைச் சாபமாக்கிப் பல கதைகள் பிறந்தன. அவர் இறந்தது கொசுக்கடி புண்ணாகி இரத்தம் நஞ்சானதால். முதலில் உள்ளே நுழைந்த ஹோவர்ட் கார்ட்டரோ 1939 வரை வாழ்ந்தார். சாபத்தை நம்புவதால் பெரிய கேடில்லை. கல்லறை என்றால் தங்கம் என்ற எண்ணம்தான் உண்மையில் கேடு செய்கிறது. கொங்கு நாட்டில் மேய்ச்சல் நிலங்களிலும் மானாவாரிக் காடுகளிலும் இருந்த பெருங்கற்காலக் கல்லறைகளான கல்வட்டங்களில் பல, புதையல் தேடியவர்களாலேயே குலைந்தன.

சென்னிமலைக்கு மேற்கே நொய்யலின் வடகரையிலுள்ள கொடுமணலில், அகழாய்வாளர்கள் ஒரே கல்லறையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகளைக் கண்டெடுத்தார்கள். அந்தக் கல் குஜராத் பகுதியிலிருந்து வந்திருக்கக்கூடும் என்பது ஆய்வாளர் கருத்து. ஊர்ப் பகுதியில் உடைத்த கல், செதுக்கிய கல், மெருகேற்றிய மணி, துளையிட்ட மணி என்று ஒவ்வொரு படிநிலையிலும் பொருள்கள் கிடைத்ததால், மணி இங்கேயே செய்யப்பட்டது தெரியவந்தது. இவ்வளவையும் சொன்னது அவை கிடந்த இடமும் ஆழமும் உடன் கிடந்த பொருள்களும். கதாநாயகன் செய்வதைப் போல ஒரு மணியைத் தோண்டி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால், எஞ்சுவது ஒரு சிவப்புக் கல் மட்டுமே.

உழும்போதோ கிணறு வெட்டும்போதோ காசுப் பானை வெளிப்படுவது நம் பகுதியில் நடக்காத செய்தியன்று. 1842-இல் வெள்ளலூரில் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து உரோம வெள்ளிக்காசுகள் ஐந்நூறுக்கு மேல் கிடைத்தன. கதைகளில் கண்டெடுத்தவனுக்கே அது சொந்தமாகும். நடைமுறையில், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து வெளிப்படும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும், கிடைத்த இடம், நாள், பொருளின் விவரம் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.