பழைய ஓட்டக்காரரின் கணக்கைப் படிப்பது எப்படி: ஹால்ஸ்வெல்லை முன்வைத்து

நூறு வருடத்துக்கு முந்தைய பிரிட்டிஷ் ஓட்டக்காரர் ஒருவரைப் பற்றி எழுதப் போகிறீர்களா? பதக்கப் பட்டியலை முதலில் ஓரமாக வையுங்கள். அவர் எந்தத் தளத்தில், எந்த விதியின் கீழ் ஓடினார் என்று தெரியாமல் அதைப் படித்துப் பயனில்லை. எனக்கு இதைக் கற்றுத் தந்தது 1908 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தங்கம் வென்ற பிரிட்டிஷ் ஓட்டக்காரர் வின்டம் ஹால்ஸ்வெல்லின் கதை.

தூரத்தில் ஆரம்பியுங்கள். அன்று பிரிட்டனில் போட்டிகள் கெஜத்தில் நடந்தன, ஒலிம்பிக் மீட்டரில். 440 கெஜம் என்றால் 402.34 மீட்டர், இரண்டின் நேரங்களையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். 1906 ஸ்காட்லாந்து சாம்பியன்ஷிப்பில் 100, 220, 440, 880 கெஜம் நான்கையும் அவர் ஒரே நாளில் வென்றார். நூறு கெஜத்துக்கான வேகமும் 880-க்கான மூச்சும் ஒரே ஆளிடம்! என்னைக் கேட்டால், அவருடைய தங்கத்தைவிட அந்த நாள்தான் பெரிது.

அடுத்து கடிகாரம். ஓட்ட நேரத்தை அளக்க அன்று கையில் பிடித்து இயக்கிய கடிகாரங்கள் பெரும்பாலும் ஐந்தில் ஒரு நொடி வரைதான் காட்டின. 48.4 என்று இன்று அச்சிடுவது அன்று 48 2/5.

1908 லண்டன் 400 மீட்டர் இறுதிக்கு மட்டும் நிறைய நேரம் ஒதுக்குங்கள். வைட் சிட்டி மைதானத்தில் மூன்று சுற்று ஒரு மைல். அதனால் 400 மீட்டர் ஒரு முழுச் சுற்றுகூட இல்லை. ஜூலை 23 அன்று பாதை பிரிக்காமல் ஓடவிட்டார்கள். எதிரே மூன்று அமெரிக்கர்கள்: கார்பென்டர், ராபின்ஸ், டெய்லர். கடைசி நேர்கோட்டில் கார்பென்டர் வெளிப்பக்கமாக நகர்ந்து நகர்ந்து ஹால்ஸ்வெல்லைத் தளத்தின் விளிம்புக்கே தள்ளிவிட்டார். அன்றைய அமெரிக்க விதியில் அதற்கு இடமிருந்தது, பிரிட்டிஷ் விதியில் தவறு. இங்கே நடைமுறையில் இருந்தது பிரிட்டிஷ் விதி. நடுவர்கள் பந்தயம் செல்லாது என்றார்கள், கார்பென்டரை நீக்கினார்கள். ஜூலை 25 அன்று கயிறு கட்டிப் பாதை பிரித்து மறுபடி ஓட்டம். ராபின்ஸும் டெய்லரும் வர மறுத்துவிட்டார்கள். ஹால்ஸ்வெல் தனியாக ஓடி முடித்தார்: 50.0 நொடி.

அந்த எண்ணை மட்டும் எழுதிவிட்டுப் போவது அவருக்குச் செய்யும் அநியாயம். இறுதிக்கு முந்தைய தகுதிச் சுற்றில் அவர் ஓடியது 48.4, அப்போதைய ஒலிம்பிக் சாதனை. இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

அப்புறம், ராணுவப் பதிவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரி என்ற ஸ்காட்லாந்துப் படைப்பிரிவின் அதிகாரி; ஓட்டத் திறமை கண்டறியப்பட்டதே தென்னாப்பிரிக்காவில் பணியில் இருந்தபோதுதான். 1915-இல் பிரான்சில் போரில் இறந்தார்.

1906 ஏதென்ஸில், இரண்டு ஒலிம்பிக்குகளுக்கு இடையே நடந்த போட்டியில் பெற்ற 400 மீட்டர் வெள்ளியையும் 800 மீட்டர் வெண்கலத்தையும் ஒலிம்பிக் கமிட்டி இன்று கணக்கில் சேர்ப்பதில்லை. தனி வரியில் எழுதுங்கள், விட்டுவிடாதீர்கள்.