தெர்மோகப்பிள் பழுதா? முதலில் கொதிநீரில் பாருங்கள்

பிளாஸ்டிக் இன்ஜெக்‌ஷன் மெஷினிலோ ரப்பர் பிரஸ்ஸிலோ வெப்பநிலை தப்பாகக் காட்டுகிறதா? புதுத் தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் சென்சர்) வாங்கப் புறக்கோட்டைக்கு ஓடுவதற்கு முன், பழையதன் நுனியைக் கொதிக்கும் தண்ணீரில் பிடித்துப் பாருங்கள், பாத்திரத்தின் அடியில் முட்டாமல். கழற்றும் முன் அந்தப் பகுதியின் ஹீட்டரை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் கன்ட்ரோலர் (சென்சரின் அளவைக் காட்டி ஹீட்டரை இயக்கும் கருவி) 'சூடு போதவில்லை' என்று நினைத்து ஹீட்டரை முழு வேகத்தில் ஓட்டி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கைக் கருக்கிவிடும்.

கொழும்பு கடல் மட்டத்தில் இருப்பதால் தண்ணீர் 100 பாகையில்தான் கொதிக்கும். ஓரிரு பாகை வித்தியாசம் பரவாயில்லை, சென்சர் நல்லதுதான். மெஷினில் அதை மாட்டும் குழிக்குள் நுனி சரியாக முட்டி நிற்கிறதா என்று பாருங்கள். 120க்குப் பக்கத்தில் காட்டினால், பெரும்பாலும் ஜே வகைத் தெர்மோகப்பிளைக் கே வகை என்று கன்ட்ரோலரில் செட் பண்ணியிருப்பார்கள். ஒரே சூட்டுக்கு இரண்டும் தரும் மின்னழுத்தம் (மில்லிவோல்ட்) வேறு. செட்டிங்கை மாற்றினால் போதும், காசு மிச்சம்.

நுவரெலியாவில் இந்தக் கணக்கு சரிவராது, அங்கே 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். சூடேறிய பிறகு மட்டும் விட்டு விட்டு அறுந்துபோகும் வயரையும் இந்தச் சோதனை பிடிக்காது. ஏற்றுமதிச் சரக்குக்கு அளவுத்திருத்தச் சான்றிதழ் கேட்டால், ஆய்வுகூடத்துக்குத்தான் கொடுக்க வேண்டும்.