பிரிட்டன் ரயிலில் டிக்கெட்டைப் பிரித்து வாங்குவது எப்படி?

லண்டன் பாடிங்டனிலிருந்து பிரிஸ்டல் டெம்பிள் மீட்ஸுக்குக் காலை நேரத்தில் ஒரே டிக்கெட் எடுத்தால் ஒரு விலை. அதே ரயிலில், அதே இருக்கையில் உட்கார்ந்து போக, பாடிங்டன் முதல் டிட்காட் பார்க்வே வரை ஒன்று, டிட்காட் முதல் பிரிஸ்டல் வரை ஒன்று என இரண்டு டிக்கெட் எடுத்தால் பல நாள் விலை கணிசமாகக் குறைந்துவிடும். டிட்காட்டில் இறங்க வேண்டியதில்லை. பையைக்கூட நகர்த்த வேண்டாம்.

இந்திய ரயிலில் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். அங்கே தூரம் கூடக் கூட ஒரு கிலோமீட்டருக்கான கட்டணம் குறையும், பயணத்தை வெட்டினால் நஷ்டம்தான். பிரிட்டனில் கட்டணம் கிலோமீட்டர் கணக்கில் இல்லை. எந்த ஸ்டேஷனிலிருந்து எந்த ஸ்டேஷனுக்கு என்று ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனி விலை; அதை அந்தத் தடத்துக்குப் பொறுப்பான நிறுவனம் தீர்மானிக்கிறது. ஆகவே அ–ஆ விலையையும் ஆ–இ விலையையும் கூட்டினால் அ–இ விலை வரும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. அந்த இடைவெளிதான் நம் லாபம்.

இது குறுக்கு வழியும் அல்ல. பிரிட்டன் ரயில்களுக்குப் பொதுவான நேஷனல் ரயில் பயண விதிகளில் 14ஆவது விதி இதை வெளிப்படையாக அனுமதிக்கிறது. நிபந்தனை ஒன்றுதான்: ஒரு டிக்கெட் முடிந்து அடுத்தது தொடங்கும் ஸ்டேஷனில் நீங்கள் ஏறிய ரயில் நிற்க வேண்டும். நின்றால் போதும், நீங்கள் இறங்க வேண்டாம். நிற்காமல் கடந்துபோனால் இரண்டு டிக்கெட்டும் கையில் இருந்தும் பயனில்லை. டிக்கெட் இல்லாதவர் கணக்கில்தான் சேருவீர்கள். பாடிங்டன்–பிரிஸ்டல் ரயில்கள் எல்லாமே டிட்காட்டில் நிற்பதில்லை. வாங்குமுன் அந்தக் குறிப்பிட்ட ரயிலின் நிறுத்தங்களை ரியல்டைம் ட்ரெயின்ஸ் தளத்தில் ஒருமுறை பாருங்கள்.

எங்கே வெட்டினால் பலன் கிடைக்கும்?

முதல் இடம், நெரிசல் நேரம் முடியும் இடம். எந்த ரயிலிலும் ஏறலாம் என்ற எனிடைம் டிக்கெட்தான் விலை கூடியது. ஆஃப்-பீக் மலிவு, ஆனால் காலை நெரிசலில் செல்லாது. பாடிங்டனில் நெரிசல் நேரத்தில் கிளம்பும் ரயில் முக்கால் மணி நேரம் கழித்து டிட்காட்டை விட்டுப் புறப்படும்போது, அங்கிருந்து பிரிஸ்டலுக்கு ஆஃப்-பீக் தொடங்கியிருக்கலாம். பிரிஸ்டலுக்கு ரயில் தூரம் 118 மைல், அதில் டிட்காட் வரை 53 மைல்தான். அந்த 53 மைலுக்கு மட்டும் எனிடைம் கொடுத்து, மிச்சத்துக்கு ஆஃப்-பீக் கொடுத்தால் போதும். கவனிக்க வேண்டியது: ஆஃப்-பீக் எப்போது செல்லும் என்பது டிக்கெட்டுக்கு டிக்கெட் மாறும். ஒவ்வொரு ஆஃப்-பீக் டிக்கெட்டுக்கும் இரண்டு எழுத்து அல்லது எண் கொண்ட ஒரு கட்டுப்பாட்டுக் குறியீடு உண்டு. அதை நேஷனல் ரயில் தளத்தில் தேடிப் படியுங்கள். ‘ஒன்பது மணிக்கு மேல் எல்லாம் ஆஃப்-பீக்’ என்று மனக்கணக்குப் போட்டு மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம்.

இரண்டாவது, அட்வான்ஸ் டிக்கெட் இன்னும் மீதமிருக்கும் பகுதி. அட்வான்ஸ் என்பது ஒரே ஒரு ரயிலுக்கு மட்டும் செல்லும் மலிவு டிக்கெட், அளவோடுதான் விற்பார்கள். முழுத் தூரத்துக்கும் தீர்ந்திருந்தாலும், பாதித் தூரத்துக்குக் கிடைக்கக்கூடும்.

மூன்றாவது, சலுகையின் எல்லை. ரயில்கார்டு என்பது டிக்கெட்டில் தள்ளுபடி தரும் அட்டை. அதில் நெட்வொர்க் ரயில்கார்டு தென்கிழக்கு இங்கிலாந்துக்குள் மட்டும்தான் செல்லும்; டிட்காட் உள்ளே, ஸ்விண்டன் வெளியே. பிரிஸ்டல் போகிறவர் டிட்காட்டில் பிரித்தால் அதுவரையாவது மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி பெறலாம். வார நாளில் இந்தக் கார்டுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 13 பவுண்டு, தள்ளுபடி விலை அதற்குக் கீழே இறங்காது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

இந்தக் குறைந்தபட்சக் கட்டணம் பிரித்து வாங்குபவர்களைக் காலை வாரும் இடம். மாணவர்கள் வைத்திருக்கும் 16-25 ரயில்கார்டில் வார நாள் காலை 4.30 முதல் 10 மணி வரை 12 பவுண்டு என்ற வரம்பு உண்டு. ஜூலை, ஆகஸ்டில் மட்டும் இந்த வரம்பு கிடையாது. உதாரணக் கணக்கு ஒன்று. காலையில் 30 பவுண்டு எனிடைம் டிக்கெட், கார்டு தள்ளுபடியில் 20 ஆகும். அதையே 18, 9 எனப் பிரித்தால் கூட்டு 27, பார்க்க மலிவு. கார்டைப் போட்டால் 18 குறைந்து 12 ஆகும். 9 வரம்புக்குக் கீழே இருப்பதால் குறையாது. ஆக 21. பிரித்ததால் ஒரு பவுண்டு கூடிவிட்டது. கார்டு இருந்தால் கார்டோடுதான் ஒப்பிட வேண்டும்.

எப்படித் தேடுவது? முதலில் முழுப் பயணத்தின் விலையை, நீங்கள் போகப்போகும் ரயிலுக்கே, குறித்துக்கொள்ளுங்கள். போகவர என்றால் ரிட்டர்ன் விலையையும் பாருங்கள். பல தடங்களில் ஆஃப்-பீக் ரிட்டர்ன், சிங்கிளைவிட ஓரிரு பவுண்டுதான் அதிகம். பிரித்த நான்கு டிக்கெட் அதனிடம் தோற்றுப்போகும். பிறகு அந்த ரயில் நிற்கும் ஸ்டேஷன்களில் பெரியவற்றை எடுத்து, ஒவ்வொன்றிலும் வெட்டி விலை பாருங்கள். எல்லா வகை டிக்கெட்டின் விலையையும் பிஆர்ஃபேர்ஸ் தளம் காட்டும். இவ்வளவு பொறுமை இல்லையென்றால் ட்ரெயின்ஸ்பிளிட், ஸ்பிளிட் மை ஃபேர், ட்ரெயின்லைன் போன்றவை தாமே வெட்டிக் காட்டும். ஆனால் அவற்றில் சில, மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கோ, முன்பதிவுக் கட்டணமோ எடுத்துக்கொள்ளும். எங்கே வெட்டுவது என்பதை அங்கே தெரிந்துகொண்டு, ரயில் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் கட்டணமில்லாமல் தனித்தனியாக வாங்குவதே சிக்கனம்.

லண்டனில் ஏறும்போதும் இறங்கும்போதும் கேட்டில் தட்டும் ஓய்ஸ்டர் பயண அட்டை, கான்டாக்ட்லெஸ் வங்கி அட்டை ஆகியவற்றைப் பாதி டிக்கெட்டாக நினைக்காதீர்கள். பாடிங்டனில் கான்டாக்ட்லெஸ் கார்டைத் தட்டி ஏறி, ரெடிங்கிலிருந்து வேறு டிக்கெட் என்றால், ரெடிங்கில் இறங்கிக் கார்டைத் தட்டி வெளியேறியே ஆக வேண்டும். ரயிலிலேயே உட்கார்ந்திருந்தால் அந்தக் கார்டுப் பயணம் முடியாமல் தொங்கும், அதிகபட்சக் கட்டணமும் பிடிப்பார்கள். மாறாக, சீசன் டிக்கெட், லண்டன் ஜோன் (கட்டண வட்டம்) டிராவல்கார்டு, லண்டன் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான ஃப்ரீடம் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு விதி இளகியது: அவை செல்லும் எல்லையில் ரயில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை. ஆறு ஜோன்களுக்கும் செல்லும் பாஸ் இருந்தால், கவுண்டரில் ‘பவுண்டரி ஜோன் 6’, அதாவது ஆறாவது ஜோனின் எல்லை, முதல் நீங்கள் போகும் ஊர் வரை என்று கேளுங்கள். இணையத்தில் இது பெரும்பாலும் கிடைக்காது. அந்த ரயிலில், அந்த நேரத்தில் பாஸ் செல்லுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

லண்டனைக் கடந்து போகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பிரைட்டனிலிருந்து மான்செஸ்டருக்கு ஒரே டிக்கெட் எடுத்தால், நடுவில் சுரங்க ரயிலில், மான்செஸ்டர் ரயில் கிளம்பும் யூஸ்டன் ஸ்டேஷனுக்குப் போகும் செலவு அதிலேயே அடங்கும். டிக்கெட்டில் சிலுவைக் குறி அச்சாகியிருக்கும். லண்டனில் வெட்டினால் அந்தச் செலவு உங்கள் தலையில்.

பயண நாளில் எல்லா டிக்கெட்டும் கையில் இருக்கட்டும். மொபைல் டிக்கெட் என்றால் இணையம் இல்லாமலும் திறக்கும்படி சேமியுங்கள். கேட்டில் நுழைய முதல் டிக்கெட், வெளியேறக் கடைசி டிக்கெட். இருக்கை நடுவழியில் மாறலாம். இரண்டாவது டிக்கெட்டை வாங்கும்போது அதே பெட்டி, அதே எண் கேட்டுப் பாருங்கள். அட்வான்ஸ் டிக்கெட்டில் நடுவழியில் இறங்குவது கூடாது. தவறான டிக்கெட்டோடு பிடிபட்டால், இங்கிலாந்தில் பெனால்டி ஃபேர் 100 பவுண்டும் அந்தப் பயணக் கட்டணமும். 21 நாளுக்குள் கட்டினால் அபராதம் 50.

ரயில் தாமதமானால் பயப்பட வேண்டாம். டிக்கெட் எத்தனையானாலும் பயணம் ஒன்றே. முதல் ரயில் தாமதித்து அடுத்த ரயிலின் அட்வான்ஸ் டிக்கெட் தவறிப்போனால், மாறுவதற்கான குறைந்தபட்ச நேரத்தை நீங்கள் விட்டிருந்த பட்சத்தில், அதே நிறுவனத்தின் அடுத்த ரயிலில் போகலாம். அந்த நேரம் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மாறும். பர்மிங்ஹாம் நியூ ஸ்ட்ரீட்டில் 12 நிமிடம். நஷ்டஈட்டையும் கடைசி ஊரை எவ்வளவு தாமதமாக அடைந்தீர்கள் என்பதை வைத்து, எல்லா டிக்கெட்டின் மொத்த விலைக்கும் கேளுங்கள். பெரும்பாலான நிறுவனங்களில் 15 நிமிடத்துக்குக் கால் பங்கு, 30 நிமிடத்துக்குப் பாதி, ஒரு மணி நேரத்துக்கு முழுத் தொகை. விண்ணப்பத்தில் ஒரு டிக்கெட்டை மட்டும் இணைத்தால் அதன் விலைக்கு மட்டும்தான் பணம் வரும். எல்லாவற்றையும் இணைத்து, ஒரே பயணம் என்று எழுதுங்கள்.